கணக்காசிரியருக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

அருப்புக்கோட்டையை அடுத்துள்ள பாளையம்பட்டியில் பேருந்தை விட்டு இறங்குவோரைச் சற்று நேரம் நின்று கவனித்தால், தறிக்கும் நூற்பாலைக்கும் சந்தைக்கும் செல்வோரிடையே வேறொரு கூட்டத்தையும் காணலாம். தோளில் பை, கையில் உணவுப் பாத்திரம், முகத்தில் பாதி ஆர்வம், பாதி அலுப்பு. இவர்கள் மாணவர்கள் அல்லர், ஆசிரியப் பெருமக்கள். விருதுநகர் மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இவ்வூரில்தான் அமைந்திருக்கிறது. அந்த நீண்ட பெயரை முழுமையாக உச்சரிப்பவரை நாம் இதுவரை கண்டதில்லை. ‘டயட்’ என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும்.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் வழியாகப் பிறந்தவை இந்நிறுவனங்கள். ஆசிரியராகப் போகிறவருக்குப் பயிற்சி அளிப்பது ஒரு பணி. ஏற்கெனவே ஆசிரியராய் இருப்பவர் மீண்டும் மீண்டும் வந்து கற்றுச் செல்ல ஓர் இடமாய் இருப்பது மற்றொரு பணி. இந்த இரண்டாவது பணியைப் பற்றியே, அதுவும் கணக்காசிரியர்களைப் பொறுத்தமட்டில், இம்மாதம் வாசகர்களோடு சிறிது பேச விரும்புகிறோம். பள்ளிகளை நடத்துவோர் நம்மிடையே பலர் உள்ளனர். அப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவோர் அவர்களினும் பலர். ஆதலால் இது ஆசிரியர்களின் தனிக் கவலை அன்று.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுவோம். குற்றம் நம்முடையதே.

பல ஆண்டுகளுக்கு முன்பு, இக்கரிசற் சீமையில் ஒரு பங்கின் பொறுப்பையும் அதன் தொடக்கப்பள்ளியின் தாளாளர் பொறுப்பையும் ஏற்றிருந்தோம். ஒருநாள் முற்பகல், ஒழுகும் ஓட்டுக்கூரையைப் பார்வையிடக் கொத்தனாரோடு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் மீதி என்ன? “இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் ஒன்று கடன் வாங்கு, இப்போது பன்னிரண்டு” என்றார் ஆசிரியை. நாமும் நம் நாளில் அப்படித்தான் கற்றோம். வாசகர்களும் அப்படித்தான் கற்றிருப்பார்கள். அப்போது ஒரு சிறுமி எழுந்து, “ஒன்றுதானே டீச்சர் கடன் வாங்கினோம்? பத்து எப்படி வந்தது? வாங்கினதை எப்போது திருப்பிக் கொடுப்பது?” என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. கொத்தனாரும் சிரித்தார். வானம் பார்த்த பூமியில், விதைக்குக் கடன், கிணற்றுக்குக் கடன், திருமணத்துக்குக் கடன் என்று வளரும் வீட்டுப் பிள்ளைக்கு, வாங்கிய கடன் திருப்பித் தரப்படாமல் கணக்கு எப்படி முடியும் என்பது வேடிக்கையான கேள்வி அன்று. “சொன்னதைச் செய், உட்கார்” என்று விடை வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை அந்த ஆசிரியை நம் அலுவலக அறைக்கு வந்தார். “ஃபாதர், அந்தப் பிள்ளை கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை. பாளையம்பட்டியில் அடுத்த வாரம் மூன்று நாள் கணக்குப் பயிற்சி என்கிறார்கள். போய் வரட்டுமா?” என்று கேட்டார். பள்ளி ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நேரம். இருந்த ஆசிரியர்கள் மிகச் சிலர். ஒருவர் போனால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக அமர்த்த வேண்டும். “அடுத்த முறை பார்க்கலாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டோம். அந்த அடுத்த முறை வர இரண்டு ஆண்டுகள் ஆயின.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் சென்று திரும்பியபோது பையில் ஒரு கட்டு ஈர்க்குக் குச்சிகள் இருந்தன. பத்துப் பத்தாக ரப்பர் வளையமிட்ட கட்டுகள் ஐந்து, தனிக்குச்சிகள் இரண்டு. இது ஐம்பத்திரண்டு. ஏழு குச்சி எடுக்க வேண்டும். தனிக்குச்சி இரண்டுதான் உண்டு. ஆகவே ஒரு கட்டை அவிழ்த்துக்கொள். இப்போது கட்டு நான்கு, குச்சி பன்னிரண்டு. இரண்டு கட்டும் ஏழு குச்சியும் எடுத்துவிட்டால் மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. இதில் கடன் எங்கே இருக்கிறது? யாரும் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. தன் கையில் இருந்த பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றிக்கொண்டதைப் போன்றதே அது. நமக்கு ஐம்பதை நெருங்கும் வயதில்தான் இது விளங்கிற்று.

ஆனால் கேள்வி கேட்ட சிறுமி அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். “எனக்குக் கணக்கு வராது சாமி” என்று, ஏதோ தன் உடலின் குறையொன்றைச் சொல்வதுபோல நம்மிடமே சொன்னாள். அவளுக்குக் கணக்கு வந்தது. வகுப்பிலேயே சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்தியே. நாம் மறுத்த மூன்று நாள் விடுப்பின் விலை அது.

ஆசிரியர் தமக்குத் தெரிந்ததைத்தானே கற்பிக்கிறார், மூன்றாம் வகுப்புக் கணக்கு தெரியாதவரா அவர், என்று எவரேனும் கேட்கலாம். கணக்குச் செய்யத் தெரிவது ஒன்று; அது ஏன் அப்படி என்று குழந்தைக்குக் காட்டத் தெரிவது முற்றிலும் வேறொன்று. சீனாவில் பள்ளியாசிரியையாய் இருந்து பின்னர் அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த லிப்பிங் மா என்னும் அம்மையார், 1999-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகக் காட்டினார். அமெரிக்க ஆசிரியர் 23 பேரிடமும் சீன ஆசிரியர் 72 பேரிடமும் அவர் வைத்த வினாக்களுள் ஒன்று, ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும் என்பது. அதோடு, அதற்குப் பொருத்தமான ஒரு வாழ்க்கைக் கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்கருள் பாதிப்பேர்கூட விடையை முழுமையாகச் சரியாய்ப் பெறவில்லை. பொருத்தமான கதை சொன்னவர் ஒருவரே. சீனருள் விடை தவறியவர் இலர். 65 பேர் கதையும் சொன்னார்கள்.

இதை நாமும் முயன்று பார்த்தோம். தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்னும் விதி நினைவில் இருந்தது; மூன்றரை என்னும் விடையும் வந்தது. ஏன் தலைகீழாக்க வேண்டும் என்றால், குருமடத்தில் தர்க்க சாஸ்திரம் பயின்ற நமக்கே வாய் அடைத்துக்கொண்டது. நெசவுத் தெருவில் பிறந்த ஓர் ஆசிரியர்தான் மீட்டார். ஒன்றே முக்கால் மீட்டர் துணி இருக்கிறது. அதில் அரை மீட்டர்த் துண்டுகள் எத்தனை வரும்? மூன்று துண்டுகள் வரும், கால் மீட்டர் மிஞ்சும். அப்படியானால் விடை மூன்றே காலா, மூன்றரையா? மிஞ்சியது கால் மீட்டர்தான். ஆனால் அது ஒரு துண்டில் பாதி. ஆகவே மூன்றரைத் துண்டு. தலைகீழ் விதியும் இதற்குள்ளேயே இருக்கிறது: ஒரு மீட்டரில் அரை மீட்டர்த் துண்டு இரண்டு; ஒன்றே முக்கால் மீட்டரில் அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு.

அந்தச் சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் அமெரிக்கரைவிடக் குறைந்த ஆண்டுகளே பள்ளியிலும் பயிற்சியிலும் கழித்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. பட்டம் அவர்களை வேறுபடுத்தவில்லை. அவர்கள் பள்ளிக்குள்ளேயே முறையாகக் கூடிப் பாடநூலை வரி வரியாக ஆராய்ந்து, ‘இந்த இடத்தில் பிள்ளை எங்கே இடறுவான்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். விருதுநகர் மாவட்டம் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தைத் தன் சொத்தாகவே வைத்திருந்தது. 2018-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 97 விழுக்காட்டுத் தேர்ச்சியோடு அதே இடத்தில் நின்றது. அதே ஆண்டில் நடுவண் அரசு, வளர்ச்சிக்காகத் தனிக்கவனம் தேவைப்படும் மாவட்டங்களின் பட்டியலிலும் இதைச் சேர்த்தது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாய் இருக்கின்றன. தமிழகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், பன்னாட்டு அளவில் பதினைந்து வயது மாணவரின் திறனை அளக்கும் ‘பிசா’ தேர்வில் 2009-ஆம் ஆண்டுச் சுற்றில் நம் மாநிலம் பங்கேற்றது. கணக்கில் நமக்குக் கிடைத்த சராசரி 351. வளர்ந்த நாடுகளின் சராசரி 500-ஐ ஒட்டி இருந்தது. 74 இடங்களில் நாம் 72-ஆவது. அத்தேர்வின் வினாக்கள் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானவை என்னும் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், தேர்ச்சி என்பது ஒன்று, விளங்கிக்கொள்வது மற்றொன்று என்பதை அந்த எண் நமக்கு அறைந்து சொல்லிற்று.

வாய்ப்புகளே இல்லை என்று இன்று எவரும் சொல்ல முடியாது. வட்டார வள மையங்களும் குறுவள மையக் கூட்டங்களும் உள்ளன. பெருந்தொற்றுக் காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்யவேண்டி 2022-இல் தமிழக அரசு ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற 2025-ஐ இலக்காக வைத்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி தரப்பட்டது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டொன்றுக்கு 50 மணி நேரத் தொடர்பயிற்சியை வகுத்தது. தமிழகம் அக்கொள்கையை ஏற்காமல் 2025-இல் தனக்கெனக் கல்விக்கொள்கை வெளியிட்டது. ஆனால் ஆசிரியர் தொடர்ந்து கற்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பின் ஏன் அந்த முகங்களில் பாதி அலுப்பு? ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டோம். மாநிலத்தில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டாரத்தில் சிலருக்கு, கடைசியில் வகுப்பாசிரியருக்கு. கண்மாய்ப் பாசனம் அறிந்த திருச்சுழி வட்டார மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடை திறந்த இடத்தில் பாயும் நீர் கடைமடைக்கு வரும்போது மண்ணை நனைத்தால் போதும் என்றாகிவிடும். மேலே ‘ஏன்’ என்று தொடங்கியது கீழே வரும்போது ‘இப்படிச் செய்க’ என்று சுருங்கிப்போகிறது. இரண்டாசிரியர் பள்ளிகளின் துயரமோ தனி. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டிக் காக்க வேண்டும். ‘வாத்தியார் இன்றைக்கும் டிரெய்னிங்கா?’ என்னும் பெற்றோரின் ஏச்சு வேறு.

இதனோடு இப்போது அச்சமும் சேர்ந்துள்ளது. 2025 செப்டம்பர் 1-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்கள் ஏற்கெனவே பணியில் இருந்தாலும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பின், ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய வினாவைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவர்கள் மீண்டும் வினாத்தாளைக் கையில் எடுக்கும் நிலையில் கலங்குவது இயல்பே. அத்தேர்வின் முதல் தாளில் 150 வினாக்களில் 30 கணக்கு வினாக்கள். அதற்கான வழிகாட்டி நூல்களை ஆசிரியர்கள் கையில் காண்கிறோம். குறுக்குவழிகளை மனப்பாடம் செய்யும் அதே பழக்கம், இப்போது ஆசிரியரிடமே திரும்பி வந்திருக்கிறது. தேர்வு ஆசிரியரை அளக்கலாம். அந்தச் சிறுமிக்கு விடை சொல்ல அது அவரைத் தயார் செய்யுமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

அரசாணைக்குக் காத்திராமல் கற்ற ஆசிரியர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணக்காசிரியராய் இருந்தவர் பி.கே.சீனிவாசன். கணிதமேதை இராமானுஜனின் கடிதங்களையும், அவரை அறிந்தோர் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-இல் இரு நினைவு மலர்களாக வெளியிட்டவர் அவரே. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஒரு பள்ளியாசிரியர் செய்தார். 1993-இல் சென்னை இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைய அவரே காரணர். 2005-இல் மறையும்வரை கணக்கைக் கையால் தொட்டுக் கற்கும் வழிகளை ஆசிரியர்களுக்குக் காட்டி வந்தார். விலையுயர்ந்த கருவி எதையும் அவர் கேட்டதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு சிறு நூல் எழுதினார்.

நாட்காட்டி இல்லாத கத்தோலிக்க இல்லம் உண்டோ? வாசகர்கள் இப்போதே அதைப் பார்க்கலாம். ஏதேனும் ஒரு மாதத்தில், வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசையில் ஒன்பது தேதிகளைச் சதுரமாகச் சுற்றி வளையுங்கள். ஒன்பதையும் கூட்டினால் வரும் தொகை, நடுவிலுள்ள தேதியைப்போல் சரியாக ஒன்பது மடங்காய் இருக்கும். எந்த மாதமாயினும் அப்படித்தான். ஏனெனில் நடு எண்ணுக்கு மேலே உள்ளது ஏழு குறைவு, கீழே உள்ளது ஏழு அதிகம்; இடம் ஒன்று குறைவு, வலம் ஒன்று அதிகம்; மூலைகளும் அவ்வாறே எதிரெதிராய் ஈடுகட்டிக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் பிள்ளைகளை மிரட்டும் இயற்கணிதம் இதுவேதான்.

இத்தகைய ஆசிரியர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே 1965-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் தோன்றியது. ஆசிரியர்களுக்கென இதழும், மாநாடுகளும், மாணவர்க்குத் திறனறி போட்டிகளும் அதன் பணிகள். இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22, 2012-இலிருந்து தேசியக் கணித நாளாக உள்ளது. நம் பள்ளிகளில் அந்நாள் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் விழா ஒத்திகையில் கரைந்துவிடுகிறது. இதையும் தாளாளர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நம் திருச்சபைக்கு இது புதிய செய்தியும் அன்று. 1582-இன் நாட்காட்டித் திருத்தத்தில் பெரும்பங்கு கொண்ட இயேசு சபைக் குரு கிளாவியுஸ், கணிதம் கற்பிப்போரைத் தனியே பயிற்றுவிக்க வேண்டும் என்று தம் சபையிடம் வற்புறுத்தி, உரோமைக் கல்லூரியில் அதற்கென ஒரு கணிதக் கழகத்தையே நடத்தினார். நம் தமிழகத்திலோ பிரெஞ்சு இயேசு சபைக் குரு சார்லஸ் ரசீன் 1937-இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கு வந்து, பின்னர் சென்னை இலயோலாவில் நெடுங்காலம் கற்பித்தார். தம் நாட்டுக் கணித அறிஞர்களோடு தொடர்பை விடாது, புதிய கணிதத்தைத் தாமும் கற்றுக்கொண்டே மாணவர்க்கும் காட்டினார். சி.எஸ்.சேஷாத்ரி, எம்.எஸ்.நரசிம்மன் போன்ற உலகறிந்த கணித மேதைகள் அவர் வகுப்பில் இருந்தவர்கள். ஆனால் நம் கவலை மேதைகளைப் பற்றியதன்று. மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்ற அந்தச் சிறுமியைப் பற்றியது.

ஜப்பானில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதை நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று, நடத்துபவரையன்று, பிள்ளைகளைக் கவனிப்பர். எவன் எங்கே விழித்தான், எவள் எந்த வழியில் யோசித்தாள் என்று குறித்துக்கொள்வர். பின்னர் கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்தி, வேறு வகுப்பில் மீண்டும் நடத்துவர். இதற்குப் பேருந்துக் கட்டணம்கூட வேண்டியதில்லை.

இப்போது நாம் இருக்கும் பங்கின் பள்ளியில் ஓராண்டாக இதை முயன்று வருகிறோம். மூன்று ஆசிரியைகள்; மாதம் ஒரு பாடம். முதல் மாதம் பின்னக் கூட்டல். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே மேலே, கீழே கீழே கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதியோர் வகுப்பில் பாதிக்கு மேல். அரையோடு ஒன்றைச் சேர்த்தபின் அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று ஒரு பிள்ளையும் ஐயுறவில்லை. முன்பெல்லாம் அது ‘தவறு’ என்று சிவப்பு மையோடு முடிந்திருக்கும். இம்முறை ஆசிரியைகள் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். மூவரில் ஒருவர் முதலில் வர மறுத்தார். தம் வகுப்பில் பிறர் வந்து நிற்பதை எவர்தாம் விரும்புவர்? அவர் பாடத்தை நடத்தும் முறை இன்னும் வரவில்லை. வற்புறுத்தவும் இல்லை.

பாளையம்பட்டியில் பயிற்சி என்று கடிதம் வந்தால் இப்போது மறுப்பதில்லை. செல்பவர் வகுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம். சென்ற முறை ஏழாம் வகுப்புக்குப் பங்கு நாட்காட்டியோடு சென்று, மேலே சொன்ன ஒன்பது தேதி வித்தையைக் காட்டினோம். காரணத்தையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். மகிழ்ச்சியோடு புத்தகத்தை மூடும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், “சாமி, வரிசைக்கு நாலாக நாலு வரிசை எடுத்தால் நடுவில் எண்ணே இல்லையே, அப்போது என்ன செய்வது?” என்றான். தெரியாது என்று சொன்னோம். டீச்சர் பயிற்சி முடிந்து திங்கட்கிழமை வருவார், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம் என்றோம். திங்கட்கிழமை பார்த்தார்கள், விடையும் கிடைத்தது. அதை இங்கே எழுதாமல் விடுகிறோம். வாசகர் வீட்டிலும் நாட்காட்டி தொங்குகிறதல்லவா?